வஸ்தாதின் தொட்டி எத்தனை லிட்டர்

கொளத்தூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து, டீக்கடையில் நிற்கிற யாரையாவது பிடித்து, "அந்த மீன் தொட்டி எத்தனை லிட்டர் புடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், கேட்ட வாய் மூடுவதற்குள் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள், சொன்ன கையோடு அடுத்தவன் கணக்கு பொய் என்று சத்தியம் பண்ணுவார்கள், சத்தியத்தில் ஆரம்பித்தது சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போகும், கடைசியில் நீங்கள் வந்த வேலையை விட்டுவிட்டு நடுவில் புகுந்து விலக்க வேண்டியிருக்கும். அதனால் அவர்களைக் கேட்க வேண்டாம். நான் சொல்கிறேன். எனக்கும் எத்தனை லிட்டர் என்று தெரியாது, ஆகையால் என்னை நம்பலாம்.

தொட்டி இருந்தது தேசம்மாள் வீட்டுக் கூடத்தில். தேசம்மாளின் புருஷன் கன்னியப்பன் கண்ணாடித் தொட்டி ஒட்டுகிறவர். கண்ணாடியை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, பசையைப் பிதுக்கி, விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி குடிக்கிற மனுஷன். கல்யாணமான புதிதில் பெண்டாட்டிக்கு ஒரு தோடு வாங்கிப் போட வக்கில்லாமல், மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி ஒட்டி, தானே தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். "காதுல மாட்ட முடியாத நகைய எவனாச்சும் குடுப்பானாய்யா?" என்று தேசம்மாள் அன்றைக்குத் திட்டியதுதான், அப்புறம் அதைத் துடைக்கிற வேலையை வேறு யாருக்கும் விடவில்லை. எத்தனையோ மீன்கள் அதில் வந்து போயின. இப்போது இருந்தது வஸ்தாது என்கிற ஆஸ்கர் மீன்; இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அகலம், கறுத்த உடம்பில் அங்கங்கே தணல், கண்ணாடிக்கு வெளியே யார் விரல் காட்டினாலும் முட்ட வருகிற திமிர்.

போன தை மாதம் கன்னியப்பனுக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்தது, பேச்சும் கூடவே போனது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்துக் கட்டிலில் போட்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களை அவர் பார்க்கவில்லை, ஆரஞ்சுப்பழத்தைப் பார்க்கவில்லை, தேசம்மாளையும் பார்க்கவில்லை. வஸ்தாதை மட்டும் பார்த்தார். மீன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனால் அவர் கழுத்தும் கூடவே போகும், மீன் திரும்பினால் கழுத்தும் திரும்பும். கைகால் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் ஒண்ணும் பெருசா செய்யலை, அந்த மீன்தான் இவருக்கு வைத்தியம் பண்ணுது, அதை பத்திரமா வெச்சுக்குங்க, அது போச்சுன்னா இவரு சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். தேசம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது, கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. இத்தனை வருஷம் பொங்கிப் போட்டவள் குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கிறாள், அவளைப் பார்க்காத கண்ணு ஒரு மீனைப் பார்க்கிறதே!

சித்திரையில் வெயில் ஏறி, தண்ணி லாரி வராமல் போன ஒரு வாரத்தில், வஸ்தாதின் மேல் உப்பைத் தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தன. உடம்பைக் கூழாங்கல்லில் போட்டுத் தேய்த்தது, பிறகு அதையும் விட்டுவிட்டு மூலையில் ஒண்டிக்கொண்டது. கன்னியப்பனின் கழுத்தும் அந்த மூலையைப் பார்த்தபடியே நின்றுவிட்டது. தேசம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு நசீர் பாயின் மீன் கடைக்கு ஓடினாள்.

நசீர் பாய் நீல மருந்து சீசாவை எடுத்து கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் கேட்டார். "எத்தினி லிட்டர் தொட்டிம்மா?"

"அது எனக்கு இன்னா தெரியும் பாய்? பெரிய தொட்டி."

"பெரிய தொட்டின்னா இன்னா கணக்கு? பத்து லிட்டருக்கு ஒரு சொட்டு. கொறைஞ்சா நோவு போவாது, கூடிச்சின்னா மீனே போயிடும். நீளம், அகலம், ஒசரம், மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கு, ஆயிரத்தால வகு, அதான் லிட்டர்." அவரே பெருக்கினார், அவரே வகுத்தார், நூற்று எண்பத்திரண்டு வந்தது, கல்லுக்கும் மேலே விட்ட இடைவெளிக்கும் கழித்து நூற்று அறுபது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

தேசம்மாள் வந்து பதினாறு சொட்டு விட்டாள். ஒரு நூல் நீலம்கூட ஏறவில்லை. ஏரியில் விட்ட மாதிரி மருந்து போன இடம் தெரியவில்லை.

கணக்கில்தான் கோளாறு என்று நினைத்து, தண்ணீரை இறக்கி பக்கெட்டால் அளந்து பார்த்துவிடலாம் என்று ஒரு குழாயைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீரைக் கீழே வரவைத்தாள். பக்கெட் நிறைந்தது, இன்னொரு பக்கெட் நிறைந்தது, வீட்டிலிருந்த குடங்கள் நிறைந்தன, அண்டா நிறைந்தது, குக்கர் நிறைந்தது, குக்கரின் மூடியும் நிறைந்தது, பொங்கலுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குகிற பித்தளைத் தவலை நிறைந்தது, தொட்டியில் தண்ணீர் நாலு விரற்கடைதான் இறங்கியிருந்தது. தேசம்மாள் குழாயைக் கையில் பிடித்தபடி, அடுத்து எதில் விடுவது என்று தெரியாமல் நின்றாள்.

பக்கத்து வீட்டு ரெஜினா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். "தேசம்மாக்கா, லாரி வராத நாள்ல இப்பிடி ஊத்துறியே, எனக்கு ரெண்டு கொடம் குடேன்" என்றாள். மீன் தண்ணீர் என்றாலும் கக்கூசுக்கும் துணிக்கும் ஆகாதா? அவளே குடத்தைக் கொண்டுவந்து பிடித்தாள். முதல் குடம் நிறைவதற்குள் தண்ணீர் மளமளவென்று இறங்கி, இரண்டாவது குடத்தில் கல் தெரிந்து, வஸ்தாது வயிறு தரையில் பட்டுத் துடித்தது. "ஐயோ, ஊத்துடி, திருப்பி ஊத்துடி!" என்று தேசம்மாள் கத்த, ரெஜினா ஒரு குடத்தைத் திருப்பிக் கவிழ்த்தாள், தொட்டி விளிம்பு வரைக்கும் நிறைந்து தளும்பியது.

ரெஜினா காலிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உனக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவு வெச்சிருக்கு போல."

"அப்பிடித்தான் போல" என்றாள் தேசம்மாள். "இதுல எந்த அளவுக்கு மருந்து போடுறதுன்னு சொல்லு மொதல்ல."

பதில் இருக்கோ இல்லையோ, ரெஜினாவிடம் வாய் இருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துபோய், ஆளாளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தொட்டி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒருத்தருக்குக் கொடுத்ததை இன்னொருத்தருக்குக் கொடுக்கவும் இல்லை. இஸ்திரிக்காரருக்குக் குழாயில் ஒரு தண்ணி லாரி அளவுக்கு வந்தது. மாடி வீட்டு பங்கஜவல்லி அம்மாளுக்கு ஒரு டம்ளரோடு குழாய் காற்றை ஊதியது. அந்த அம்மாள் டம்ளரைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், "என்னைப் பார்த்தா இதுக்கு எளக்காரமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனவள், ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. சரி, நல்ல மனசுக்காரனுக்கு அதிகம் பிடிக்கிறது என்று முடிவு கட்டினார்கள். மறுநாள், கோயில் வாசலில் செருப்புத் திருடி இரண்டு தடவை மாட்டினவனுக்கு வந்த தண்ணீரில் தெருவே துணி துவைத்தது. அப்படியென்றால் பாவத்துக்குத்தான் அதிகம் பிடிக்கிறது என்று மாற்றிச் சொன்னார்கள்; உடனே இஸ்திரிக்காரரின் பெண்டாட்டி சண்டைக்கு வந்தாள். வயசு என்றார்கள், எடை என்றார்கள், எடைக்கல் கொண்டுவந்து ஆளை நிறுத்துப் பார்த்தார்கள், பிறந்த நட்சத்திரம் கேட்டார்கள். எதற்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புரியாவிட்டால் என்ன, பழகிவிட்டது. கோயில் பூசாரி வந்து தொட்டியின் நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், ரெஜினாவின் பாஸ்டர் கை வைத்து ஜெபம் பண்ணினார், நசீர் பாய் ஓதி ஊதிவிட்டார், மூன்று பேரும் கூடத்திலேயே உட்கார்ந்து ஒன்றாக டீ குடித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, தொட்டியில் எத்தனை குடம் என்று கேட்டார்கள். குழாயடியில் "போடி ஒண்ணரைக் கொடம்" என்று திட்டினால் அதற்கு மேல் கெட்ட வார்த்தை கிடையாது. தண்ணி லாரிக்காரன் ஒருநாள் வந்து, ஆரனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குடம்கூட நீளாததால் கோபித்துக்கொண்டு போனான். எல்லாருக்கும் தண்ணீர் கிடைத்தது, எல்லாருக்கும் பேச்சு கிடைத்தது. வஸ்தாதின் மேல் புள்ளிகள் மட்டும் துடுப்பு வரைக்கும் பரவிக்கொண்டே போயின.

தேசம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். "தண்ணி எடுத்துக்கோ, வேணான்னு சொல்லல. எத்தினி லிட்டருன்னு மட்டும் சொல்லிட்டுப் போ, மருந்து போடணும்." ஆளாளுக்குச் சொன்னார்கள், அடித்துச் சொன்னார்கள், தலையில் கை வைத்துச் சொன்னார்கள். காலையில் ஒருத்தர் கணக்குக்கு விட்டால் தண்ணீர் அசையாமல் வெள்ளையாகக் கிடந்தது, சாயங்காலம் இன்னொருத்தர் கணக்குக்கு விடப் பயமாக இருந்தது. அவளுக்குத் தூக்கத்தில்கூட சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் வரதன் சார் வந்தார். பாலம் கட்டி ஓய்வுபெற்ற இன்ஜினியர். தெருவில் எவன் வீட்டுக்குத் திட்டம் போட்டாலும், கூப்பிடாமலே வந்து தூண் போதாது என்பவர். கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாருங்கம்மா, ஒவ்வொருத்தரும் சொல்றது தனித்தனியாத் தப்பு. ஆனா எல்லாத்தையும் சேர்த்துக் கூட்டி, ஆள் கணக்கால வகுத்தா, தப்பும் தப்பும் கழிஞ்சு சரியான விடை வந்துடும். அதுக்குப் பேரு சராசரி."

தெருவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லார் கணக்கும் அதில் இருக்கிறது, யாரும் தோற்கவில்லை, பங்கஜவல்லி அம்மாளின் ஒரு டம்ளர்கூட இருக்கிறது! கூட்டினார்கள், வகுத்தார்கள், வந்த விடைக்குக் கைதட்டினார்கள். தேசம்மாள் சொட்டுச் சொட்டாக விட, தெருவே கூடி நின்று ஏலம் போடுகிற மாதிரி எண்ணியது. பாதி எண்ணுவதற்குள், ஏரியாய்க் கிடந்த தொட்டி என்ன நினைத்ததோ, ஒரு சொம்பாகச் சுருங்கினாற்போலத் தண்ணீர் மையாகிவிட்டது. உள்ளே வஸ்தாது பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. தேசம்மாள் சீசாவை வீசிவிட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டு மீனை வாரியெடுத்து நல்ல தண்ணீர் பக்கெட்டில் போட்டாள். வரதன் சார் விடையை மறுபடி சரிபார்த்துவிட்டு, "விடை சரியாத்தான் இருக்கு" என்றார்.

நசீர் பாய்க்கு அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "பக்கெட்லயே வெச்சு வைத்தியம் பாரும்மா. பத்து லிட்டர்னு அடியில அச்சு போட்டிருக்கு பாரு, இது பேச்சு மாறாது" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் கட்டிலில் படுத்திருக்கிறவருக்குத் தரையில் இருக்கிற பக்கெட் தெரியாது. கன்னியப்பன் மீனில்லாத தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கஞ்சியை வாயில் விட்டால் ஓரத்தில் வழிந்தது. தேசம்மாள் பக்கெட்டைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "த பாருய்யா, இங்கதான் இருக்குது உன் மீனு, கண்ணத் தொறய்யா" என்று கை வலிக்க வலிக்க நின்றாள். அந்தப் பச்சைப் பிளாஸ்டிக்கில் யாருக்கு என்ன தெரியும்? ஒரு பொழுது முழுக்க ஒரு வாய் இறங்கவில்லை. விடிந்ததும் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, வஸ்தாதை அதிலேயே விட்டாள். கண் திறந்தது, கஞ்சியும் இறங்கியது. ஆக, வைத்தியம் தொட்டியில்தான் நடக்க வேண்டும்; தொட்டியோ ஒரு சொல்லில் நிற்காது.

"பாய், இன்னும் எத்தினி நாளு தாங்கும்?" என்று கேட்டாள். நசீர் பாய் குனிந்து மீனின் செவுளைப் பார்த்தார். "இன்னிக்கு மருந்து ஏறலன்னா, நாளிக்கு என்னை கூப்பிடாதம்மா" என்றார்.

அன்று மத்தியானம் கூடம் நிறைய ஜனம். யார் கணக்கை எடுப்பது என்று கடைசிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சராசரியிலிருந்து பங்கஜவல்லி அம்மாளை நீக்கினால் சரியாகிவிடும் என்றது ஒரு கட்சி, செருப்புத் திருடனை நீக்கச் சொன்னது இன்னொரு கட்சி. தேசம்மாள் அடுப்படியிலிருந்து கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தவள், நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே முதுகு முதுகாக நின்றது. அத்தனை முதுகுக்கும் இந்தப் பக்கம் கன்னியப்பன் வரதன் சாரின் சட்டையைப் பார்த்தபடி, எப்போது நகர்வார் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டு கிடந்தார். எத்தனை நாளாக இப்படிக் கிடக்கிறாரோ!

"நவுருங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு விழுந்தது. "எல்லாரும் வெளிய போங்க! சார், நாற்காலிய எடுத்துனு போங்க! ரெஜினா, உன்னத்தாண்டி! இது என் வூடு, மார்க்கெட்டு இல்ல!"

போனார்கள். முணுமுணுத்துக்கொண்டு போனார்கள், போனவர்கள் சன்னலில் வந்து நின்றார்கள். தேசம்மாள் சன்னலைச் சாத்தினாள்.

கட்டிலோரம் வந்து உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தெருவில் போகிற வருகிறவனையெல்லாம் கேட்டாயிற்று, தொட்டியை ஒட்டின மனுஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு போனதிலிருந்து அவரிடம் அவள் கேட்டதுதான் என்ன? வாயைத் திற, கையைத் தூக்கு, திரும்பிப் படு. அது பேசுவதா? மாட்டுக்குக்கூட நாலு வார்த்தை கூடச் சொல்வார்களே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"யோவ். நீதானய்யா ஒட்டுன. எத்தினி லிட்டருய்யா புடிக்கும் அது?"

கன்னியப்பன் மீனிடமிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. உதடு இடது பக்கமாக இழுத்தது, நாக்கு எதையோ தேடி, தவறவிட்டு, மறுபடி பிடித்தது.

"தெ... தெர்ல."

தேசம்மாளுக்கு முதலில் அது காதில் விழுந்ததா, தானே நினைத்துக்கொண்டதா என்றே புரியவில்லை. "இன்னா சொன்ன?"

"தெர்ல."

"தெரியலையா!" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி மனுசா! ஒட்டுன உனுக்கே தெரியலையா! ஊரே தெரியும் தெரியும்னு என் உயிர எடுத்துச்சே, உனுக்குத் தெரியலையா!" சிரித்தாள், அழுதாள், எது எதுவென்று அவளுக்கே பிடிபடவில்லை. கிண்ணத்துக் கஞ்சி புடவையெல்லாம் கொட்டியது.

அப்புறம் எழுந்து சீசாவைத் தேடி எடுத்துக்கொண்டு தொட்டியண்டை போனாள். ஒரு சொட்டு விட்டாள். நீலம் ஒரு இழையாக இறங்கிக் கரைந்தது. "இத்தினி வருசமா உன் வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டுனு வர்றேன்" என்றாள் திரும்பாமல். "எந்தப் பக்கெட்டயாவது நீ எத்தினி லிட்டருன்னு கேட்டிருப்பேனா? கையில எடுத்துப் பார்ப்பேன், வேட்டிக்கு இது போதும்னு வுட்டுடுவேன். இன்னொரு சொட்டு வுடட்டா?"

"தெர்ல."

"எனக்கும் தெர்ல." விட்டாள். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். இன்னொன்று விட்டாள். "இப்போ?"

"தெர்ல."

ஒவ்வொரு சொட்டுக்கும் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் அவர் அதையே சொன்னார். எதற்காகக் கேட்கிறோம், மருந்துக்கா, அந்தக் குரலுக்கா என்பது அவளுக்குக் குழம்பிப்போய்விட்டது. தொட்டி ஏரியாகவும் விரியவில்லை, சொம்பாகவும் சுருங்கவில்லை. துவைத்த வேட்டியின் நீலம் வந்ததும் அவள் கை தானாக நின்றது. புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்ததும், வஸ்தாது பழையபடி விரலை முட்ட வந்ததும், தெரு திரும்பவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வரிசை கட்டியதும் எல்லாம் அப்புறம் நடந்தது. அன்றைக்கு அந்த மத்தியானத்தில் அது பிழைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

தேசம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு நேரே நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு பயம் வந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"அது தெர்ல, இது தெர்ல. என்னையாச்சும் தெரியுதாய்யா உனுக்கு? நான் யாரு?"

கன்னியப்பன் அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். கலைந்த மயிரை, நீலம் பட்ட கன்னத்தை, கஞ்சி கொட்டின புடவையைப் பார்த்தார்.

"தெர்ல" என்றார்.

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நொடி. அதற்குள் அவர் வாயின் இடது ஓரம், வேலை செய்கிற அந்த ஒரு பக்கம் மட்டும், மெல்ல மேலே ஏறியது.

"உன்ன..." என்று கையை ஓங்கினவள், ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், நாள்கணக்கில் மூலையை விட்டு அசையாத வஸ்தாது, நீலத் தண்ணீரை விலக்கிக்கொண்டு மெதுவாக அந்தக் கோடிக்கு நீந்திப் போனது. கன்னியப்பனின் கழுத்து அதன் பின்னால் போகவில்லை.